அடிக்காத பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் அந்தக் கட்டிடத்தில் மெத்தை செய்தார்கள். நாலு மாடி. ஒருநாள் காலையில் தூங்கி எழுந்தபோது, இத்தனை வருஷம் மக்களைத் தூங்க வைத்தது போதும், இனி எழுப்ப வேண்டும் என்று தனக்குத் தோன்றியதாக அந்த மெத்தை முதலாளி பிற்பாடு பல மேடைகளில் சொன்னார். இயந்திரங்களை விற்றார். பஞ்சை மட்டும் விற்கவில்லை. குழந்தைகள் உட்காரத் திண்டு தைக்க உதவும். சுவர்களுக்கு வெண்ணெய் நிறம் பூசினார். வாசலில் தொங்கிய 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' பலகையைக் கழற்றிவிட்டு, 'நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள்' என்று வேறொரு பலகை மாட்டினார்.

அந்தப் பலகையை லிஃப்ட் மெக்கானிக் முதலில் படித்தபோது அவனுடைய ஒரு கால் படியிலும் இன்னொரு கால் தெருவிலும் இருந்தது. எந்தக் காலை எந்தப் பக்கம் எடுப்பது என்று ஒரு கணம் தடுமாறினான். பிறகு கருவிப் பெட்டி கனத்ததால் உள்ளே போனான்.

முதலாளி தரையில் ஒரு திண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்திருக்கும்போது நின்று பேசுவது மரியாதையாக இல்லை என்று மெக்கானிக்கும் உட்கார்ந்தான். அவனுக்குத் திண்டு இல்லை.

"என்னை சார்னு கூப்பிடாதீங்க. இங்க சார் கிடையாது. நண்பர்னு கூப்பிடுங்க."

"சரிங்க சார்."

அவர் புன்னகைத்தார். அவருடைய குரல் ரொம்ப மெதுவானது. அதைக் கேட்க எல்லோரும் முன்னால் குனிய வேண்டியிருந்தது. மெக்கானிக் மற்றவர்களைவிட அதிகமாகக் குனிந்தான். சின்ன வயதில் கணக்கு வாத்தியார் விட்ட அறையில் அவனுக்கு இடது காது பாதி போய்விட்டது.

"இந்தப் பள்ளியில குழந்தைங்களுக்கு மேல், கீழ் என்கிற எண்ணமே வரக்கூடாது. யாரும் உசத்தி இல்ல, யாரும் மட்டம் இல்ல. அதனால இந்த லிஃப்ட் அவங்க கண்ணுல படக்கூடாது."

"அப்ப கழட்டிடலாங்களா?"

"ஐயோ, வேண்டாம். என் அறை நாலாவது மாடியில இருக்கு. கதவுக்குச் சுவர் மாதிரியே பெயின்ட் அடிச்சிட்டா போதும்."

பெயின்ட் அடித்தார்கள். அதற்குப் பிறகு நண்பர் சுவருக்குள் போய்ச் சுவருக்குள்ளிருந்து வந்தார். குழந்தைகள் அவரை ஒரு தினுசான பயத்தோடு நேசித்தார்கள்.

லிஃப்டைச் சரிபார்க்க மாதாமாதம் போகும்போது மெக்கானிக் பார்த்ததெல்லாம் நல்லதாகவே இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். மணி இல்லை. வரிசை இல்லை. பிரம்பு இல்லை. ஒரு பயல் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாய்ப்பாடு சொன்னான், கீழே நின்ற பெண் அவனை அதட்டாமல், "தலைகீழா சொன்னா ஏழு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மனைவி கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்காருபவள். அவளும் பள்ளி நாட்களில் வெயிலில் முட்டி போட்டவள்தான். இரண்டு பேரும் சூடு கண்ட பூனைகள். தங்கள் மகளை அங்கே சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

மகளை வீட்டில் 'டைனமோ' என்று கூப்பிடுவார்கள். கண் விழித்ததிலிருந்து கண் மூடுகிறவரைக்கும் அவள் ஓய்ந்ததில்லை. பேச்சு, ஓட்டம், கேள்வி, அழுகை, சிரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான் வைத்திருந்தாள்.

அவளுக்கு நுழைவுத் தேர்வு வைக்கவில்லை. தேர்வு பெற்றோருக்கு. அதற்கும் தேர்வு என்று பேர் கிடையாது, 'செவிமடுத்தல்' என்று பேர். அந்தப் பள்ளியில் ஆசிரியரும் கிடையாது. 'உடன் நடப்பவர்' உண்டு. மெக்கானிக் தம்பதியைச் செவிமடுக்க வந்தவள் முன்பு ஏதோ பெரிய நிறுவனத்தில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பும் பிரிவில் இருந்தவளாம். அவள் பேசினால் பஞ்சை அமுக்குகிற மாதிரி இருக்கும். மெக்கானிக் அவளுக்கு மனசுக்குள் 'பஞ்சுக் குரல்' என்று பேர் வைத்தான்.

"சின்ன வயசுல உங்களுக்கு யார் மேல கோபம்?" என்று பஞ்சுக் குரல் கேட்டாள்.

மனைவி உடைந்து அழுதாள். பஞ்சுக் குரல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அருமை" என்றாள்.

மெக்கானிக், "அப்படி ஒண்ணும் பெருசா இல்லைங்க" என்றான்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பது போல அவள் அவனைப் பார்த்தாள். "கோபம் இல்லைன்னு சொல்றவங்ககிட்டதான் நாங்க ரொம்ப கவனமா இருக்கணும்" என்றாள், மனைவியிடம்.

டைனமோவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பள்ளிக்குப் பேர் வைக்கும் உரிமை குழந்தைகளுடையது என்று நண்பர் அறிவித்திருந்தார். குழந்தைகள் கூடி, கைதூக்கி, ஏகமனதாக 'பிஸ்கட்' என்று வைத்தார்கள். நண்பர் பரவசப்பட்டார். பரவசப்பட்டுவிட்டு, அவர்கள் இன்னும் தங்கள் உண்மையான விருப்பத்தைக் கண்டடையவில்லை, இன்னொரு முறை யோசிக்கட்டும் என்றார். யோசித்தார்கள். மறுபடி பிஸ்கட். ஜன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் விளையாடப் போய்க்கொண்டிருந்தார்கள். கண்டடையும் வரைக்கும் யாரையும் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்; ஆனால் கண்டடையும் வரைக்கும் யாரும் எழுந்திருக்கவும் முடியாது. கடைசியில் ஒரு சின்னப் பெண் கொட்டாவி விட்டபடி, "நாங்க என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"பாத்தீங்களா!" என்று நண்பர் கண் கலங்கினார். "கேள்வி கேட்க ஆரம்பிச்சிட்டாங்க!"

பள்ளிக்கு 'விடியல்' என்று பேர் வந்தது. குழந்தைகளே வைத்த பேர் என்று அதன் கீழே எழுதியிருந்தது.

விடியலில் தினமும் காலையில் 'வட்டம்' நடக்கும். எல்லோரும் திண்டுகளில் வட்டமாக உட்கார்ந்து, மனசில் பாரமாக இருப்பதை இறக்கி வைப்பார்கள். முதலில் அவரவர் பாரம். அது தீர்ந்த பிறகு அடுத்தவர் பாரம். வட்டத்தில் சரி, தப்பு கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொள்கிறவரைக்கும் பேசுவார்கள். ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அவருடைய பாரம் என்னவென்று மற்றவர்கள் அன்போடு கேட்பார்கள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் அவர் ஒப்புக்கொள்வார்.

முதல் சில மாதங்கள் டைனமோ வீட்டுக்கு வந்ததும் வாய் ஓயாமல் வட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு சொல்வது குறைந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் மெக்கானிக், "ஏய், தட்டுல மிச்சம் வைக்காம சாப்பிடு" என்றான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"அப்பா, நான் உங்களைச் செவிமடுக்கிறேன். ஆனா உங்க குரல் என் உடம்புல இறுக்கமா இருக்கு."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான்.

"எவ்வளவு தெளிவா சொல்றா பாருங்க" என்றாள் மனைவி. "இவ வயசுல நான் வாயைத் திறந்திருந்தா பல்லு இருந்திருக்காது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து அவன் குரலைத் தணித்துப் பேசப் பழகினான். பாதிக் காதில் அவன் பேசுவது அவனுக்கே கேட்கவில்லை.

அந்தத் தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருந்தவருடைய பையனும் விடியலில்தான் படித்தான். ஒல்லியான பயல், கேள்வி மட்டும் சுருக்கென்று குத்தும். அதனால் குண்டூசி என்று பேர். டைனமோவும் அவனும் கையைக் கோத்துக்கொண்டே பள்ளிக்குப் போவார்கள். ஒருநாள் வட்டத்தில் குண்டூசி எழுந்து, "இங்க யாரும் முடிவு பண்றது இல்லைன்னு சொல்றீங்களே, யாரும் முடிவு பண்ணக் கூடாதுன்னு யாரு முடிவு பண்ணினாங்க?" என்று கேட்டான்.

நண்பர் அவனைப் பார்த்து ரொம்ப நேரம் புன்னகைத்தார். பிறகு வட்டத்தைப் பார்த்து, "இவன் மனசுல எவ்வளவு பாரம், பாருங்க" என்றார்.

வட்டம் அவனுக்கு 'வெளி' கொடுத்தது. வெளி என்பது தண்டனை இல்லை. விடியலில் தண்டனை கிடையாது. பாரம் அதிகமான குழந்தை தன்னைத் தானே கண்டடைவதற்காக, மற்றவர்கள் அதைச் சுற்றி இடம் விடுவார்கள். அவ்வளவுதான். அதனோடு பேச மாட்டார்கள். அதைப் பார்க்க மாட்டார்கள். அது பந்தைப் போட்டால் பந்து தானாக வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். வெளி கொடுக்கும்போது எல்லோரும் கைதட்டுவார்கள், ஏனென்றால் அது ஒரு பரிசு.

கொஞ்ச நாள் கழித்து மெக்கானிக் ரொட்டி வாங்கப் போனபோது கடைக்காரர் சில்லறையைத் தராமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையனை நிறுத்திட்டேன் தம்பி."

"ஏண்ணே?"

"வீட்ல கண்ணாடி முன்னாடி போய்ப் போய் நிக்கிறான். அப்பா, நான் இருக்கேனான்னு கேக்குறான். இருக்கடான்னா நம்ப மாட்டேங்கிறான். கிள்ளிக் காட்டச் சொல்றான்." அவர் மாவுக் கையால் முகத்தைத் துடைத்தார். "நான் படிச்ச இடத்துல முதுகுத் தோலை உரிச்சாங்க. ஆனா நான் இருக்கேனான்னு எனக்குச் சந்தேகம் வந்ததில்ல. அடிச்சவனுக்கும் வந்ததில்ல."

வீட்டுக்கு வந்து மகளிடம், "குண்டூசி பள்ளிக்கு வர்றதில்லையாமே" என்றான்.

"யாரு?"

"குண்டூசிடி. ரொட்டிக்கடை."

"அப்படி யாரும் எங்க பள்ளியில இல்லப்பா."

பொய் சொல்கிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். டைனமோ பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். அன்றைக்கு மூக்கு விடைக்கவில்லை. மறுநாள் காலையில் அவளோடு ரொட்டிக்கடையைத் தாண்டும்போது அந்தப் பயல் படியில் நின்று அவளுடைய பேரைச் சொல்லிக் கத்தினான். காற்று வீசினால்கூடத் தலைமுடி கொஞ்சம் அசையும். அவளிடம் ஒன்றும் அசையவில்லை.  கேபிள் அறுந்த லிஃப்டுக்குள் நிற்கிறவனைப் போல மெக்கானிக் நின்றான்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு. ஆனா அங்க யாரும் கைநீட்டலையே? கைநீட்டினா சொல்லுங்க, நானே போய்ச் சண்டை போடுறேன்" என்றாள்.

அதுதான் சிக்கல். எதை எதிர்த்துச் சண்டை போடுவது?

இதற்கிடையில் விடியல் வளர்ந்தது. பக்கத்திலிருந்த சலவைக் கடையை விழுங்கியது. அதற்கடுத்த சினிமா தியேட்டரை விழுங்கியது. வாகனச் சத்தம் குழந்தைகளின் உடம்பில் இறுக்கமாக இருந்ததால் தெருவில் வண்டிகளை நிறுத்தினார்கள். பிறகு தெருக்காரர்களின் பேச்சும் இறுக்கமாக இருந்ததால் அவர்களுக்கும் வாரம் ஒருநாள் வட்டம் வைத்தார்கள். கல்வி இலாகாவிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். பாடத்திட்டம் எங்கே, வருகைப் பதிவு எங்கே என்று அதட்டிக்கொண்டே உள்ளே போனார். அவரைத் திண்டில் உட்கார வைத்து, சின்ன வயதில் யார் மேல் கோபம் என்று கேட்டார்கள். சாயங்காலம் கண் வீங்கி வெளியே வந்தார். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டு உடன் நடப்பவராகச் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக இலாகா அனுப்பிய ஆளும் சேர்ந்தார். மூன்றாவதாக யாரையும் அனுப்பாமல், இலாகாவே மொத்தமாக ஒரு வட்டம் தொடங்கிவிட்டது. அதன் பிறகு அங்கே ஓய்வூதியம் கேட்டுப் போனவர்களை வரவேற்று, அவர்களுக்குள் இருக்கும் அவசரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். லிஃப்ட் கம்பெனி மேனேஜரையும் இது தொற்றிக்கொண்டது. ஓவர்டைம் பற்றிக் கேட்ட ஒருவருக்கு அங்கே வெளி கொடுத்தார்கள். அவர் இப்போதும் வேலைக்கு வருகிறார் என்று சிலர் சொல்கிறார்கள்.

ஆண்டு விழா பழைய தியேட்டரில் நடந்தது. மந்திரி ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசை கிடையாது என்பதால் அதைப் 'பல நேரான வட்டங்கள்' என்றார்கள். இருமல்கூட இல்லை. நண்பர் மேடையில் தரையில் உட்கார்ந்து பேசினார்.

"எங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. நாங்கள் குழந்தைகளை அடிப்பதில்லை, அதனால் அவர்கள் கட்டுக்கடங்காமல் போவார்கள் என்று. அன்பர்களே, அடி என்பது என்ன? இரண்டு நாளில் ஆறிவிடும். அடி வாங்கிய பிள்ளை, அடித்தவனை மனதுக்குள் திட்டும். அந்தத் திட்டு இருக்கிறதே, அங்கேதான் பழைய கல்வி தோற்றது. பிள்ளைக்குள் வாத்தியாருக்கு எட்டாத ஒரு மூலையை அது விட்டுவைத்தது. நாங்கள் அந்த மூலையையும் விடவில்லை. எங்கள் குழந்தைகள் யாரையும் திட்டுவதில்லை. திட்ட அவர்களுக்குள் ஆள் இல்லை. இதைவிட ஒரு சுதந்திரம் உண்டா?"

மந்திரி முதல் ஆளாகக் கைதட்டினார். நாடு முழுக்க இதைக் கொண்டு வர வேண்டும் என்றார். போலீஸ் செலவு பாதியாகக் குறையும் என்றும் சொன்னார். மெக்கானிக் தன் கையைப் பார்த்தான். அதுவும் தட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அலமாரிக் கதவைச் சரிசெய்யும்போது சுத்தியல் அவன் கட்டைவிரலில் விழுந்தது. அலமாரியையும் அதைச் செய்தவனையும் செய்தவனைப் பெற்றவளையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். டைனமோ வாசற்படியில் நின்றிருந்தாள். "நான் இதை வட்டத்துல வைக்கணும்ப்பா" என்றாள், ரொம்ப அன்பாக.

அவனை வட்டத்துக்கு அழைத்தார்கள். மனைவியும் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, அவன் குரலால் தங்களுக்கு என்னென்ன நேர்ந்தது என்று சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேரை அவன் அன்றுதான் பார்க்கிறான். கடைசியில் மகள் எழுந்தாள்.

"எங்க அப்பா கெட்டவர் இல்ல. அவருக்குள்ள ஒரு அடி வாங்கின பையன் இருக்கான். அந்தப் பையன் வெளிய வர்றவரைக்கும் அப்பாவுக்கு இடம் வேணும்."

காது விஷயத்தை ஒரு மழை நாளில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அவன் சொல்லியிருந்தான். அவளுக்கு மட்டும்.

"உங்க பாரம் என்ன?" என்று பஞ்சுக் குரல் கேட்டாள்.

"என் பொண்ணு முன்ன மாதிரி சத்தம் போடணும். அவ்வளவுதாங்க. சத்தம் போட்டுக்கிட்டு, என்கிட்ட ரெண்டு திட்டு வாங்கிக்கிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு அழட்டும். நான் போய்ச் சமாதானம் பண்றேன். அது எங்க வீட்டு விஷயம்."

வட்டத்தில் ஒரு பரிதாபப் பெருமூச்சு எழுந்தது. நண்பர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி கடைசியாகத் தட்டினாள், தலையைக் குனிந்துகொண்டு.

வீட்டில் அவன் இல்லாமல் போனான். தட்டு வைத்தார்கள், யாருக்கு என்று சொல்லவில்லை. அவன் கேள்வி கேட்டால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் பதிலாக வந்தது. மனைவி தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்துவாள். கண் மட்டும் சுவரில் இருக்கும். ஒருமுறை சமையலறையில் அவள் தோளைத் தொட்டு, "ஏம்மா, நீயுமா?" என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுப்பிடம் பேசுவது போல, "நான் பாத்தேன்னு அவ போய்ச் சொல்லிட்டா எனக்கும் கொடுத்துடுவாங்க. அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா?" என்றாள். அடுப்பு அணைந்திருந்தது.

கம்பெனி மட்டும் வழக்கம்போல அவனை விடியலுக்கு அனுப்பியது, லிஃப்டுக்குத் தேதி வந்ததும் எண்ணெய் போட்டாக வேண்டுமே. அவன் போனான். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அன்று அவன் மூன்றாவது மாடியில் கருவிப் பெட்டியை இறக்கி வைக்கிற நேரத்தில், சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நண்பர்.

"யாராவது இருக்கீங்களா?" என்று மெதுவான குரல் வந்தது. யாரும் குனியாததால் யாருக்கும் கேட்கவில்லை. மெக்கானிக்கின் நல்ல காது சுவர்ப் பக்கம் இருந்ததால் அவனுக்குக் கேட்டது. இயந்திர அறை மொட்டை மாடியில். அதன் சாவி பஞ்சுக் குரலின் இடுப்பில். அவளிடம் ஓடினான்.

"மேடம், சாவி குடுங்க. சார் உள்ள மாட்டிக்கிட்டார்."

அவள் முகம் வெளுத்தது. அவன் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, "லிஃப்ட் வேலை தெரிஞ்ச யாராவது இங்க இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

"நான்தான் நிக்கிறேனே!"

"நமக்கு உதவி தேவைப்படுதுன்னு உணர்றேன்" என்று அவள் ஜன்னலிடம் சொன்னாள். அவன் கையை நீட்டினான். கை அவளுக்குத் தெரியவில்லை. வெளியை எடுக்க வட்டத்தால்தான் முடியும்.

வட்டம் கூடியது. அதே மூன்றாவது மாடியில், பெயின்ட் அடித்த கதவுக்கு எதிரில், பிள்ளைகள் திண்டுகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். அவசரம் என்பது ஒரு வன்முறை என்று அவர்கள் படித்திருந்ததால் முதலில் அவரவர் பாரத்தை இறக்கினார்கள். ஒரு சிறுவன் தன் பென்சில் உடைந்ததைப் பற்றிப் பேசினான். சுவருக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. இன்னொருத்தி தான் கண்ட கனவைச் சொன்னாள். தட்டும் சத்தம் இடியாக மாறியது.

"காத்து இல்ல! கதவைத் திறங்க!"

"உங்களைச் செவிமடுக்கிறோம்" என்றார்கள் பிள்ளைகள், ஒரே குரலில்.

"செவியும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்! திறங்கடா, நாய்ப் பிறவிங்களா! யாரு கட்டிடம்டா இது? தோலை உரிச்சுடுவேன் ஒவ்வொருத்தனையும்!"

அந்தக் கட்டிடத்தில் அப்படியொரு சத்தம் எழுந்ததே இல்லை. உடன் நடப்பவர்கள் உறைந்து நின்றார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பயந்திருந்தால் மெக்கானிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் பயப்படவில்லை.

டைனமோ எழுந்தாள். கண்ணை மூடினாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"உள்ள இருக்கிறவர் மனசுல ரொம்ப பாரம் இருக்கு. அவருக்கு இடம் வேணும்" என்றாள். அந்த மெதுவான குரலைக் கேட்க எல்லோரும் முன்னால் குனிந்தார்கள்.

கைதட்டினார்கள். திண்டுகளை எடுத்துக்கொண்டு ஓவியம் வரையப் போனார்கள். சுவர் அலறியது. யாரும் திரும்பவில்லை. பஞ்சுக் குரல் நெஞ்சில் கைவைத்து அங்கேயே நின்றாள். அவளுடைய இடுப்பிலிருந்து சாவி எப்படியோ கழன்று தரையில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே நடந்து போனாள்.

மெக்கானிக் மேலே ஏறிப் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கி, கதவைத் திறந்துவிட்டான். நண்பர் வியர்வையில் தெப்பலாக நனைந்து, தவழ்ந்து வெளியே வந்தார். பிள்ளைகள் வண்ணக் கிண்ணங்களோடு அவரைச் சுற்றி நடந்தார்கள், தரையில் கிடக்கும் வாளியைச் சுற்றி நடப்பது போல.

"குழந்தைகளே" என்றார். "செல்லங்களா." ஒரு சிறுமியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். அவள் அவருடைய முகத்தின் வழியே சுவரைப் பார்த்து, எங்கே நீலம் தீட்டலாம் என்று யோசித்தாள்.

நண்பரின் உதடு துடித்தது. அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று மெக்கானிக்குத் தெரியவில்லை. "அற்புதம்" என்றார் அவர். "முழுசா கத்துக்கிட்டாங்க. ஒரு ஓட்டை இல்ல." பிறகு மெக்கானிக்கின் சட்டைக் கையை இறுகப் பிடித்தார். "நீங்க என்னைப் பாக்குறீங்கல்ல? சொல்லுங்க. பாக்குறீங்கல்ல?"

"பாக்குறேன் சார்."

சட்டைக் கையை விடுவித்துக்கொள்ளும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. அவனைத் தடுக்க வேண்டுமானால் முதலில் அவனை யாராவது பார்த்தாக வேண்டும்.

நேராக ஓவிய அறைக்குப் போனான். பிள்ளைகளுக்கு நடுவில் நின்றிருந்த மகளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினான். அவளுடைய தூரிகை கீழே விழுந்தது. உடன் நடப்பவர்கள் ஆறேழு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவருடைய வாய் திறந்து மூடிக்கொண்டது. வழியில் நின்ற பழைய ஆய்வாளர் ஒதுங்கக்கூட முடியாமல் விழித்தார்; ஒதுங்கினால் பார்த்ததாக ஆகிவிடும். மெக்கானிக் அவரை இடித்துக்கொண்டே போனான். டைனமோ உதைக்கவில்லை, கத்தவில்லை. அவன் தோளுக்கு மேலே பின்னால் பார்த்தபடி வந்தாள். படிகளில் இறங்கும்போது, அவளோடு படிக்கும் பிள்ளைகள் மாடிக் கைப்பிடி ஓரமாக வந்து நின்றார்கள். அவள் கையை ஆட்டினாள். அவர்கள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

தெருவுக்கு வந்துவிட்டார்கள். வண்டி ஓடாத தெரு சுத்தமாக, வெயில் விழுந்து கிடந்தது. கடைக்காரர்கள் கடையில் இருந்தார்கள். நடப்பவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் அவன் காதோரம் வாயை வைத்தாள், நல்ல காதில்.

"அப்பா, இப்ப என்னையும் யாருக்கும் தெரியாதாப்பா?"

அவன் அவளைச் சுற்றியிருந்த கையை இறுக்கிக்கொண்டான். அவளுடைய உடம்பு முதலில் விறைத்தது, பிறகு குலுங்கியது. பல மாதங்களாக உள்ளே தேங்கிக் கிடந்ததெல்லாம் சேர்ந்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஓலமாக வெளியே வந்தது. ஊரைக் கூட்டுகிற ஓலம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒரு நாய் பயந்து ஓடியது.

மெக்கானிக் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பழம் வாங்குபவர் பழம் வாங்கிக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த ஒரு தம்பதி, அவர்களுக்கு அன்போடு இடம் விட்டு, விலகி நடந்து போனார்கள்.